சதுரங்கப் பலகையில் ஒரு பேரெண்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வரையே படித்த இரயில்வே எழுத்தன் நான். கணக்கைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். கணக்குப் பாராமல் கெட்ட தகுதியே எனக்கு உண்டு.

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே, ஆலப்புழையைத் தாண்டினால் அம்பலப்புழை. அங்குள்ள கண்ணன் கோயிலின் பால்பாயசத்தை அறியாதார் நம்மில் இலர். அதன் கதை இது. சதுரங்கப் பித்துக்கொண்ட அவ்வூர் மன்னனிடம் முதியவர் வேடத்தில் கண்ணன் வந்தான். “நான் வென்றால் முதற்கட்டத்திற்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, பின்பு நான்கு என இரட்டித்து 64 கட்டங்களுக்கும் தருக” என்றான். மன்னன் நகைத்து இசைந்தான், ஆட்டத்தில் தோற்றான். களஞ்சியம் வற்றியது, கடன் தீரவில்லை. அதனைப் பாயசமாக நாள்தோறும் அடியார்க்கு அளித்துவருக என்று இறைவன் பணித்தானாம்.

அக்கடன் எவ்வளவு? 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி, இருபது இலக்கங்கள்! முதல் வரிசைக்கு 255 மணிகளே; ஒரு பிடிக்கும் குறைவு. பாதிப் பலகைக்கு 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295. கிராமுக்கு 40 அரிசி என்று கொண்டால் 107 டன். இரண்டு சரக்கு வேகன்களில் அடங்கிவிடும். மறுபாதியைச் சேர்த்தாலோ ஏறத்தாழ 46,000 கோடி டன்! உலகம் இன்று ஓராண்டில் விளைவிக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். எண்ணூறு ஆண்டு விளைச்சலும் போதாது. ஒவ்வொரு கட்டமும் முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையை விட ஒன்று மிகுதி, சூட்சுமம் அதுவே.

இப்பேரெண்ணைச் சோதிப்போம். ஈற்றில் 5, ஆகவே ஐந்தால் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. ஆகவே மூன்றாலும் வகுபடும். பாதிப் பலகையின் எண்ணை, அதனினும் இரண்டு மிகுந்த 4,29,49,67,297 என்ற எண்ணால் பெருக்கினால் முழுப் பலகையின் எண் கிடைக்கும். அந்த இரண்டாம் எண் வகுபடாத பகா எண் என்று பெர்மா என்ற பேரறிஞர் நம்பினார். 1732-இல் ஆய்லர் சோதித்தார், 641-ஆல் வகுபட்டது! பேரறிஞர் சொல்லும் சோதனைக்கு உட்பட்டதே.

நான் சோதிக்கவில்லை. தங்கையின் திருமணத்திற்கு 50,000 ரூபாய் கடன் வாங்கினேன். மாதம் நூற்றுக்கு ஆறு வட்டி. செலுத்தாத வட்டி முதலில் சேரும் என்பது நிபந்தனை. “ஆறுதானே” என்று கையொப்பமிட்டேன். ஓராண்டில் கடன் இரட்டித்து ஓரிலட்சத்தைக் கடந்தது. அன்றிரவு என் மனைவி பென்சிலால் கணக்கிட்டாள்: ஐந்தாண்டில் பதினாறு இலட்சம்! ஒன்றும் கூறாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். மறுநாளே கடனை அடைத்தேன். அச்சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

தாய்மார்களே, இன்றிரவு ஒரு பிடி அரிசியைக் குழந்தைகளிடம் கொடுங்கள். எத்தனை கட்டம் நிரம்புகிறது என்று அவர்களே காணட்டும். கையொப்பமிடும் வயதில் அது அவர்களைக் காக்கும்.