துப்பாக்கியிலும் ஒரு சித்திரம்



நம் வீட்டுப் பழைய பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒரு பெயரும் தேதியும் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாட்டியின் திருமணச் சீராக வந்த குடம் அது என்பதை அவ்வெழுத்தே நமக்குச் சொல்கிறது. எழுத்து தேய்ந்துபோனால் எஞ்சுவது எடைக்குரிய பித்தளை விலைதான். செதுக்கு வேலைப்பாடு மிக்க பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் தேடுவதும் இத்தகைய அடையாளத்தையே.

கொலைக்கருவியைப் பற்றி ஆசிரியன் ஒருவன் பேசலாமா என்று நீங்கள் ஐயுறலாம். நான் வாழும் முகப்பேருக்குச் சற்றுத் தொலைவில், ஆவடியில், 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிகள் உருவாகின்றன. அவற்றில் கொடியும் பூவும் செதுக்குவார் இல்லை. முற்காலத்திலோ அரசர்க்குரிய ஆயுதம், பெருமையின் சின்னமாகவும் பரிசுப் பொருளாகவும் விளங்கிற்று. ஆதலால் கம்மியர் தம் கலை முழுவதையும் அதன்மேல் காட்டினர். போர் மறைந்தது, கலை நின்றது. நாம் போற்றுவது அக்கலையை.

சுழலும் உருளை கொண்ட ரிவால்வருக்கு அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். அவருடைய 1851-ஆம் ஆண்டு மாதிரியின் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சி உண்டு. அஃது எஃகு அச்சினால் உருட்டிப் பதித்தது. எல்லாத் துப்பாக்கிகளிலும் ஒரே காட்சிதான். ஆனால் 1854-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலசுக்கு அவர் அளித்த ரிவால்வரோ கையால் செதுக்கிப் பொன் பதித்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் வேற்றுமை விளங்கும். கைவேலையில் ஓர் இலையைப்போல் மற்றோர் இலை இராது.

நம் நாட்டிலும் இக்கலை சிறந்திருந்தது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்காகச் செய்த துப்பாக்கிகளில் புலி உருவங்களும், செய்த ஆண்டும் ஊரும் பொறிக்கப்பெற்றன. 1799-இல் அவர் வீழ்ந்தபின் அவை கொள்ளைபோய் உலகெங்கும் சிதறின. எனினும் எங்கிருந்தாலும் அவற்றை இனங்காண முடிகிறது. காரணம் அந்தப் பொறிப்பே.

தஞ்சையின் கதை வேறு. 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி ஆட்சி அரசுரிமையை முடித்துவிட்டது. அரண்மனையின் படைக்கலக் கொட்டில் 1860-களில் கலைக்கப்பட்டது. சிறந்தவை எனத் தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. யாளியும் கொடியும் செதுக்கிய கட்டாரிகளுக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் தராசு ஒரே விலைதான் சொல்லும். எடைத்தட்டில் ஏறுமுன் ஒரு பொருளின் அருமையை உணரும் கண் வேண்டும். சேகரிப்போன் என்பவன் அக்கண் உடையவனே.

அவனுக்குச் சில நெறிகள் உண்டு. பளபளப்பை விரும்பிப் பழைய எஃகைத் தேய்த்தலாகாது. துருவோடு சித்திரமும் போய்விடும். வெறுங்கையால் தொடலாகாது, வியர்வையின் உப்பு இரும்பை அரிக்கும். துப்பாக்கி முழுதும் தேய்ந்திருக்க, செதுக்கல் மட்டும் கூர்மையாக இருப்பின், விலைக்காகப் பின்னர் வெட்டியதோ என ஐயுறல் வேண்டும்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. பழுது பார்த்தாலும் சுட இயலாத தொன்மைப் பொருளுக்கே விலக்குண்டு. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஆகவே, மாணவர்களாகிய நீங்கள் துப்பாக்கியைச் சேர்க்க வேண்டா. அதைப் பற்றிய அறிவைச் சேருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பென்சிலும் ஏடுமாகச் செல்லுங்கள். ஆயுதம் ஒன்றின்முன் அரைமணி நேரம் நின்று, அதன் ஒரு கொடியை மட்டும் பார்த்து வரையுங்கள். எந்த ஊர், எந்தக் காலம், என்ன வேலைப்பாடு என்பதைக் கீழே குறியுங்கள். காசு செலவின்றி வளரும் சேகரிப்பு அது. ஏடு நிறையும்போது உங்கள் கண்ணும் தேர்ச்சி பெற்றிருக்கும்.