ஆட்டக்களத்தில் யார் மொழி?

 

ஒருவன் கணினியிலோ கைப்பேசியிலோ விளையாடுகிறான், விளையாடிக்கொண்டே பேசுகிறான். அவ்விளையாட்டையும் பேச்சையும் இணையத்தின் வழியே இலக்கக்கணக்கான சிறுவர்கள் கண்டு களிக்கின்றனர். விளையாட்டுக் காணொளி எனப்படும் இதனை வெறும் பொழுதுபோக்கென்று நம்முள் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்கத்தக்கதன்று இது. ஒரு சிறுவன் எம்மொழியில் வியக்கிறான், எம்மொழியில் சினக்கிறான், எம்மொழியில் நகையாடுகிறான் என்பதில் பள்ளிப் பாடநூலுக்கு உள்ள பங்கைவிட இந்தத் திரைக்கு உள்ள பங்கு இன்று குறைந்ததன்று. இதனை விளக்க, இரண்டு நாட்டினங்களின் நிலையை உங்கள்முன் வைக்கின்றேன். ஒன்று சுவீடியர், மற்றொன்று கொரியர்.

சுவீடன் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் செல்வ நாடு. அவர்களுக்குத் தனியரசு உண்டு. தாய்மொழிப் பள்ளிகள் உண்டு. 2009-ஆம் ஆண்டில், சுவீடியமே நாட்டின் முதன்மை மொழியென்று சட்டமும் செய்துகொண்டனர். அதே ஆண்டில்தான் மார்க்கசு பெர்சன் என்னும் சுவீடியர், மைன்கிராப்டு என்னும் ஆட்டத்தின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அவர் நிறுவனத்தை அமெரிக்காவின் மைக்ரோசாப்டு 2014-இல் 250 கோடி தாலர் கொடுத்து வாங்கியது. ஆக, சட்டமும் அவர்களிடம் இருந்தது. ஆட்டம் படைக்கும் அறிவும் அவர்களிடம் இருந்தது.

ஆனால் நடந்தது என்ன? சட்டம் வந்த மறு ஆண்டு, 2010-இல், பெலிக்சு செல்பெரி என்னும் சுவீடிய இளைஞர் 'பியூடைபை' என்னும் பெயரில் விளையாட்டுக் காணொளி தொடங்கினார். 2019-இல், யூடியூபில் பத்துக் கோடிப் பேரைத் தம்மொடு சேர்த்துக்கொண்ட முதல் தனியாள் என்னும் பெயர் பெற்றார். உலகப் புகழ் வாய்ந்த அந்தச் சுவீடியர் பேசிய மொழி சுவீடியமா? இல்லை, ஆங்கிலம்!

அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒரு கோடிப் பேருக்குப் பேசுவதா, உலகத்திற்குப் பேசுவதா என்று வணிகம் கேட்கும்போது இளைஞர் எதைத் தேர்வார்? அன்றியும், சுவீடனில் சிறு குழந்தைகளுக்கானவை தவிர்ந்த அயல்நாட்டுப் படங்களைக் குரல் மாற்றாமல், அடியில் எழுத்து மட்டும் இட்டே காட்டுவர். எனவே இளமையிலேயே அவர்கள் செவி ஆங்கிலத்திற்குப் பழகிவிடுகிறது. சட்டம் அலுவலகத்தின் வாயில்வரை வந்து மொழியைக் காத்தது. சிறுவன் விளையாடும் அறைக்குள் அதனால் நுழைய முடியவில்லை. அங்கே மொழியைக் காக்க வேண்டியவர் மக்களே.

இனிக் கொரியரைப் பாருங்கள். அவர்களைத் தட்டியெழுப்பிய ஆட்டம் அவர்களுடையதன்று. சுடார்கிராப்டு என்னும் அந்த ஆட்டம் 1998-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தென்கொரியா பெரும் பொருளியல் நெருக்கடியில் வீழ்ந்திருந்தது. வேலையிழந்தோர் பலர் தெருதோறும் கணினிக் கூடங்களைத் திறந்தனர். இளைஞர் அங்கே கூடினர். அரசு விரைவு இணையத்தை நாடெங்கும் பரப்பியது. 2000-ஆம் ஆண்டில் ஆட்டங்களுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அங்கே எழுந்தது. ஆட்டத்தைக் கொரிய மொழியிலேயே முழங்கி உரைக்கும் உரையாளர்கள் தோன்றினர். ஆட்டக்காரன் நாடறிந்த வீரனானான். உரையாளன் வீடறிந்த குரலானான்.

ஆட்டம் அயலவருடையது, ஆனால் அதைக் காணும் முறையும், உரைக்கும் முறையும், கொண்டாடும் முறையும் கொரியருடையவை! இதன் விளைவு யாது? ஆங்கிலேயர் மொழிக்குக் கொரியர் செல்லவில்லை. ஆங்கிலத்தில் உரை நிகழ்த்துவோர் அமெரிக்காவிலிருந்து சியோலுக்குக் குடிபெயர்ந்து வந்து, அங்கிருந்து தம் மக்களுக்கு எடுத்துரைத்தனர். 2021-இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி கொரியத் தொடர்பான 26 சொற்களை ஏற்றுக்கொண்டது. கணினிக்கூடத்தைக் குறிக்கும் 'பிசி பாங்கு' அவற்றுள் ஒன்று. உண்டுகொண்டே பேசும் ஒளிபரப்பைக் குறிக்கும் 'முக்பாங்கு' மற்றொன்று. வாழ்வில் புதியதொன்றைப் படைப்பவனுடைய சொல்லை உலகம் தானே தேடி வந்து எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். நேரலை ஒளிபரப்பில் பெயர்பெற்ற டுவிட்சு என்னும் அமெரிக்க நிறுவனம், இணையப் பிணையக் கட்டணம் மிகுதி என்று கூறி, 2024 பிப்பிரவரியில் தென்கொரியாவை விட்டு வெளியேறியது. கொரியர் குரலற்றுப் போயினரா? இல்லை. 2006 முதலே அவர்களுக்குச் சொந்த நேரலைத் தளம் ஒன்று இருந்தது. நேவர் என்னும் கொரிய நிறுவனமும் புதிய தளம் ஒன்றைத் திறந்தது. பேசுவோரும் கேட்போரும் அங்கே பெயர்ந்தனர். குடக்கூலிக்கு இருந்த வீட்டின் உரிமையாளன் கதவடைத்தான். அவர்கள் தம் சொந்த வீட்டுக்கு நடந்தனர். சொந்த வீடில்லாத மொழியினர் எங்கே நடப்பர்?

கொரியர் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் கலக்கவில்லையா என்று கேட்பீர்கள். கலந்துள்ளன, மிகுதியாகவே கலந்துள்ளன. 'பிசி பாங்கு' என்பதிலேயே பாதி ஆங்கிலம்; 'பாங்கு' என்னும் அறைப்பெயர் மட்டுமே அவர்களுடையது. களத்தை அமைத்ததில் அவர்களைப் பின்பற்றுவோம். கலப்பில் பின்பற்ற வேண்டா.

இங்குள்ள நம் நிலை யாது? பப்சி என்னும் ஆட்டத்தைத் தமிழ்நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் ஆடினர். அதற்குத் தமிழில் உரைத்த காணொளிகளும் பெருகின. அந்த ஆட்டத்தைப் படைத்தோர் கொரியர். அதன் கைப்பேசி வடிவில் சீன நிறுவனத்தின் பங்கு இருந்தது. எல்லைப் பூசலையடுத்து 2020 செபுதம்பரில் இந்திய அரசு அதனைத் தடை செய்தது. 2021-இல் அது 'இந்தியா' என்னும் பெயரையே தன் பெயரில் ஒட்டிக்கொண்டு மீண்டும் வந்தது. 2022-இல் மீண்டும் நீக்கப்பட்டது. 2023-இல் மறுபடியும் வந்தது. எண்ணிப் பாருங்கள்! ஆட்டம் கொரியருடையது, காட்டும் திரை அமெரிக்கருடையது, தடுப்பதும் விடுப்பதும் தில்லியினுடையவை. எஞ்சி நிற்பது குரல் ஒன்றே. அந்தக் குரலாவது நம்முடையதாய் இருக்க வேண்டாவா?

அக்குரலையும் நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம்? வினைமுற்று மட்டும் தமிழாக, ஏனையவெல்லாம் ஆங்கிலமாகப் பேசுகிறோம். சினம் வந்தால் மட்டும் தூய தமிழ் வருகிறது. அதுவோ வசைமொழியாய் வருகிறது! விளையாட்டுக்குச் சொல் இல்லாத மொழியா நம் மொழி? கட்சி சேர்ப்பதற்கு 'உத்தி பிரித்தல்' என்றோம். தாயத்தில் எதிரியின் காயை வீழ்த்தினால் 'வெட்டு' என்றோம். காய் கரையேறினால் 'பழம்' என்றோம். இவை புலவர் ஆக்கித் தந்தவையல்ல. தெருவில் ஆடிய சிறுவர் வாயில் பிறந்தவை. அவற்றைத் திரைக்குக் கொண்டுவருதற்கு எந்த அரசின் ஆணையும் வேண்டா. ஆடுகின்ற இளைஞன் ஒருவன் துணிந்தால் போதும்.

ஆகவே இளைஞர்காள், ஆடாதீர் என்று சொல்ல யான் வரவில்லை. ஆடுங்கள், தமிழில் ஆடுங்கள்! பெரியோர்களே, அவ்வாறு தமிழில் உரைப்பவனை எள்ளாதீர், அமர்ந்து கேளுங்கள், அவனுக்குச் சொல் தேவைப்படின் எடுத்துக் கொடுங்கள். கல்வெட்டில் உள்ள தமிழை நாம் காத்துவிட்டோம். ஏட்டில் உள்ள தமிழையும் காத்துவிட்டோம். சிறுவன் தன்னை மறந்து கூவுகின்ற நொடியில் அவன் வாயில் தமிழ் இல்லையாயின், நாம் காத்தவற்றைப் படிக்கப் பின்னால் யார் இருப்பர்?

வாழ்க தமிழ்!