தோழமை நெறியில் முதலடி

(பேரூர் நாற்று நடவுத் திருவிழாவில் ஆற்றிய உரை)



இத்தலத்து வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டு வருகின்றீர்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் பேரூருக்கு எழுந்தருளுகின்றார். தோழர் வந்தால் பொருள் கேட்பார் என்று பெருமானுக்குத் தெரியும். அம்மையை அழைத்துக்கொண்டு வயலில் இறங்கி, உழவராய் நாற்று நடத் தொடங்கிவிடுகின்றார். தாம் இருக்கும் இடத்தைச் சொல்லலாகாது என்று நந்தியெம்பெருமானுக்குக் கட்டளை. நந்தி வாய் திறக்கவில்லை, கண்ணாற் காட்டிவிட்டார்! உலகமெல்லாம் குனிந்து வணங்கும் பெருமான், நொய்யற்கரைச் சேற்றில் தாமே குனிந்து நின்ற அந்தக் கோலத்தைத்தான் இந்த ஆனி மாதத்தில் விழாவாகக் கொண்டாடுகின்றோம்.

யோகத்தைப் பற்றிப் பேச வந்தவன் நாற்று நடவில் ஏன் தொடங்குகின்றான் என்று நினைப்பீர்கள். காரணம் உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நம் சமயம் நான்கு நெறிகளை வகுத்தது. சரியைக்கு அப்பரையும், கிரியைக்குச் சம்பந்தரையும், ஞானத்திற்கு மணிவாசகரையும் காட்டிய ஆன்றோர், யோகத்திற்கு நம் சுந்தரரைக் காட்டினர். இல்லறத்தில் இருந்தவர்; பெருமானிடம் உரிமையோடு பொன் கேட்டவர்; தில்லையில் நின்று பாடும்போதும் நம் பேரூரை மறவாதவர். அவர் நடந்த நெறிக்குச் சகமார்க்கம், அதாவது தோழமை நெறி என்று பெயர். ஆகவே யோகம் காட்டுக்குப் போனவர்க்கு மட்டும் உரிய சொத்து அன்று.

ஆனால் யோகம் என்றவுடன் நம் கண்முன் வருவது தலைகீழாய் நிற்பவரின் படந்தான். ஐக்கிய நாடுகள் சபை 2014-ஆம் ஆண்டு தீர்மானித்து, 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அதுவும் இந்த ஆனியில்தான் வருகின்றது. அன்று ஒரு நாள் உடம்பை முறுக்கிப் பார்த்து, மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, 'இது நமக்கு ஆகாது' என்று விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும்.

அடியேனும் இடறியவன்தான். நாற்பது வயதில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் புரட்டினேன். மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32 என்ற கணக்கைக் கண்டேன். ஆசானும் இல்லை, அடக்கமும் இல்லை; முதல் நாளே அறுபத்து நான்கைப் பிடிக்க முயன்றேன். மூன்றாம் நாள் தலை சுற்றிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். குற்றம் திருமூலருடையது அன்று. இயமம், நியமம், ஆதனம் ஆகிய மூன்றையும் முன்வைத்து, நான்காவதாக அல்லவா பிராணாயாமத்தை அவர் வைத்தார்! மூன்று படிகளைத் தாண்டி வைத்த கால் வழுக்காமல் என்ன செய்யும்?

முதற்படியாகிய இயமத்தில் அவர் சொல்வனவற்றைப் பாருங்கள். கொல்லாமை, பொய்யாமை, களவின்மை, கள்ளுண்ணாமை ஆகியவற்றோடு பகுத்துண்ணலையும் அங்கே சேர்த்தார். அன்னதானப் பந்தியில் இன்று காலை இலை போட்ட தாய்மார்கள் யோகத்தின் முதல் உறுப்பைத் தொடங்கிவிட்டார்கள். உறுப்பு ஒன்றுகூடத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டா.

ஆதனங்களைச் சொல்லுமிடத்தில் பத்திரம், பங்கயம், வீரம் என்று பெயர்கள் வருகின்றன. கோமுகமும் வருகின்றது, காமதேனு வழிபட்ட இத்தலத்தார்க்கு அந்தப் பெயர் இனிக்கும். அவற்றோடு சுகாதனத்தையும் எண்ணினார் திருமூலர். துன்பமின்றி, முதுகு நிமிர்ந்து, சம்மணமிட்டு அமர்வதே அது. பங்கயம் கூடாதவர் வெட்கப்பட வேண்டா. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் நிமிர்ந்து அமரலாம்.

நம் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கின்றது. பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு வேளாண் குடும்பத்தில் 1920-இல் பிறந்த நானம்மாள் அம்மையார், சிறுமியாய் இருந்தபோதே வீட்டுப் பெரியவர்களிடம் ஆதனம் கற்றார். மணம் முடித்தார், மக்களைப் பெற்றார், பேரப்பிள்ளைகளையும் கண்டார். பயிற்சியை மட்டும் விடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் சேலை கட்டியபடியே ஆதனம் செய்து காட்டினார். 2018-இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 2019-இல், 99-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நீண்ட ஆயுள் யோகத்தால் மட்டுமே வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆயுள் பெருமான் கணக்கு. அந்த முதுமையிலும் குனியவும் நிமிரவும் முடிந்ததே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றேன்.

ஏனெனில் நம்மில் பலர் குனிவதை மறந்துவிட்டோம். குழித்தறியிலும், ஆலையிலும், திருப்பூர்த் தையல் எந்திரத்தின் முன்னும் ஒரே வாக்கில் இருந்து முதுகு இறுகிவிட்டது. கொடிமரத்தின் முன் விழுந்து வணங்க வேண்டிய இடத்தில் நின்றவாறே கைகூப்பி நகர்கின்றோம். 'விழுந்தால் எழ முடியாதுங்க' என்று ஒரு பெரியவர் என்னிடம் கண்கலங்கினார். அந்தக் கண்ணீருக்காகவே இன்று இதைப் பேசுகின்றேன்.

ஆழியாற்றில் தவமையம் கண்டு 2006-இல் மறைந்த வேதாத்திரி மகரிஷி, எளியமுறை உடற்பயிற்சியைக் கைப்பயிற்சியில்தான் தொடங்கினார். தொடங்குவோர்க்கு அந்த எளிமையே தக்கது. வெறும் வயிற்றில், விரிப்பின் மேல், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கை, கால், கழுத்து மூட்டுகளை மெல்ல அசையுங்கள். நின்று கைகளை உயர்த்தி, இயன்ற அளவே குனியுங்கள். விரல் தரையைத் தொட வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டா. வலி தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு சுகாதனத்தில் அமர்ந்து, நான்கு எண்ணும் வரை உள்மூச்சு, ஆறு எண்ணும் வரை வெளிமூச்சு. இடையில் அடக்க வேண்டா. எண்ணிக்கைக்குப் பதிலாக ஐந்தெழுத்தை மெல்ல நினைப்பது இன்னும் நன்று. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயல்பு. அதனை நீட்டும்போது உள்ளமும் அடங்குகின்றது. நாட்பட்ட இடுப்புவலி, உறக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவை முறையான பயிற்சியால் பலருக்குத் தணிகின்றன. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாற்று நட்ட மறுநாளே கதிர் அறுப்பார் உண்டோ?

ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்வேன். இரத்தக் கொதிப்போ, இதய நோயோ, கண் அழுத்த நோயோ உடையவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டா. தலைகீழ் ஆதனமும் மூச்சடக்கமும் அவர்களுக்கு ஆகா. மருத்துவர் தந்த மாத்திரையை யோகத்தின் பெயரால் நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவர் பேச்சைக் கேளாதீர்கள்.

பெருமான் வயலுக்குப் புறப்படும் மேளம் கேட்கின்றது. நெடுநேரம் தரையில் அமர்ந்திருக்கின்றீர்கள். முதற் பயிற்சியை இங்கேயே தொடங்கலாம்: சட்டென்று எழாமல், கால்களை நீட்டி மடக்கி, கையை ஊன்றி, ஒரு மூச்சை முழுவதும் வெளிவிட்டு மெல்ல எழுங்கள். முடியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் தோள் கொடுங்கள். திருச்சிற்றம்பலம்.