குளோனிங்கும் குருத்தணு மருத்துவமும்: தலைமை உரை

தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் தேவைக்கேற்ப வேறுவகை உயிரணுவாக முதிரவும் வல்லது குருத்தணு. ஸ்டெம் செல் என்ற பெயரில் விளம்பரங்களில் அடிபடும் இதன் மருத்துவப் பயன்பாடு அரை நூற்றாண்டைத் தாண்டியது. டொரான்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லோக் இருவரும் 1961-இல் கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி, மண்ணீரலில் தோன்றிய முடிச்சுகளை எண்ணினார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை உயிரணுவிலிருந்து கிளைத்தது என்பது 1963-இல் உறுதியாயிற்று. டோனல் தாமஸ் 1957-இலேயே மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்திருந்தார். அந்த முதல் நோயாளிகள் பிழைக்கவில்லை. திசுப் பொருத்தம் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரே சிகிச்சை கைகூடியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடைபெறுகிறது. தலசீமியா உள்ள குழந்தைகள் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் வாழ்விலிருந்து விடுபட இதுவே வழிசெய்தது.

குளோனிங் வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது. முதிர்ந்த உயிரணு, முழு உடலையும் ஆக்கத் தேவையான மரபுச் செய்தியை இழந்துவிடுகிறதா? தவளைக் குஞ்சின் குடல் அணுவிலிருந்து எடுத்த உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்து, இழப்பதில்லை என்று 1962-இல் காட்டினார் ஜான் கர்டன். 1996 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில் பிறந்த டாலி, ஆறு வயது ஆட்டின் மடி அணுவிலிருந்து வந்தது. உட்கரு மாற்றிய 277 முட்டைகளில் உயிருடன் பிறந்தது அந்த ஒரு குட்டிதான். மனித நகல்கள் வந்துவிடுமோ என்று உலகம் அஞ்சியது. முதிர்ந்த உட்கருவையும் தொடக்க நிலைக்குத் திருப்பலாம் என்பதே மருத்துவம் இதில் கற்ற பாடம்.

1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்ததும் இரு பாதைகளும் ஒன்றுசேர்ந்தன. நோயாளியின் உட்கருவைக் கொண்டு கரு உண்டாக்கி, அதன் குருத்தணுவிலிருந்து திசு வளர்த்தால் உடல் அதை நிராகரிக்காது என்ற நம்பிக்கை பிறந்தது. தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் 2004-இலும் 2005-இலும் அதைச் சாதித்ததாக அறிவித்தார். தரவுகள் போலி என்று தெரிந்து, 2006-இல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காகப் பெண்களின் உடலிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. ஆய்வு நெறி பற்றிய எந்தப் பேச்சிலும் அந்தப் பெண்களை மறக்கலாகாது. ஷூக்ராத் மிட்டாலிபோவின் குழு 2013-இல் அதே பணியை உண்மையாகவே செய்து முடித்தது.

அதற்குள் அந்த வழியின் தேவையே குறைந்திருந்தது. ஷின்யா யாமனாகா 2006-இல் எலியின் உயிரணுக்களிலும் 2007-இல் மனிதத் தோல் அணுக்களிலும் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். கருமுட்டையும் வேண்டாம், கருவை அழிக்கவும் வேண்டாம். 2012-இன் நோபல் பரிசைக் கர்டனும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆயினும் அந்த நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. முழுதாக முதிராத அணு உடலுக்குள் சென்றால் கட்டியாகலாம். ஜப்பானின் கோபே நகரில் 2014-இல் விழித்திரை மையச் சிதைவுக்கு இவ்வகை அணுப்படலம் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. இரண்டாம் நோயாளியின் அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் மருத்துவர்களே சோதனையை நிறுத்தினார்கள். ஒரு வெற்றிச் செய்தியைவிட அந்த நிறுத்தம் இத்துறைக்குப் பெருமை சேர்ப்பது.

அண்மைப் பலன்கள் நம்பிக்கை தருகின்றன. ஆய்வகத்தில் குருத்தணுவிலிருந்து வளர்த்த கணையத் திட்டு அணுக்களைப் பெற்ற, முதல் வகை நீரிழிவு உள்ள 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்தாக வேண்டும். வேலூரில் கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐவரின் ரத்தக் குருத்தணுக்களில் உறைகாரணி எட்டுக்கான மரபணு சேர்க்கப்பட்டது. அவர்கள் எவருக்கும் பின்னர் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 இறுதியில் வெளிவந்தது.

இவ்வளவு நிதானமாக நகரும் துறையின் பெயரால் நடக்கும் வணிகம் கொடியது. கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணில் செலுத்தியதால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017-இல் பதிவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதே ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, மனிதனைக் குளோனிங் முறையில் பிறப்பிப்பதைத் தடைசெய்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர ஏனைய குருத்தணுப் பயன்பாடு முறைப்படி அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம் என்கிறது.

குருத்தணுக்களுக்காகத் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியாரிடம் பணம் கட்டிச் சேமிப்பதும் மறுபரிசீலனைக்கு உரியது. தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே மரபுக்குறை இருப்பதால், அது அக்குழந்தைக்கே உதவாது. மஜ்ஜை மாற்றுக்கு உடன்பிறந்தார் ஒருவரிடம் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அது அமையாதவர்கள் கொடையாளர் பதிவேட்டை நம்பியிருக்கிறார்கள். மரபுப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடம் கிடைப்பதால், தமிழ் நோயாளிக்கான பொருத்தத்தைத் தமிழர் நிறையப் பதிந்துள்ள பதிவேட்டில்தான் தேட வேண்டியிருக்கும். அத்தகைய பதிவேட்டை எவ்வாறு பெருக்குவது என்பது இம்மாநாட்டின் விவாதத்துக்கு உரியது.