‘வெறு’ என்னும் சொல்: விவிலியத்தின் ஓர் அருஞ்சொற்பொருள்



திருச்சபையார் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து விவிலியம் கற்பிக்கும் வகுப்புகளில், லூக்கா 14:26 பலரையும் திடுக்கிடச் செய்கிறது. சீடராக வருவோர் பெற்றோரை வெறுத்தல் வேண்டுமா? இவ்வொரு சொல்லால் இளைஞன் ஒருவன் வீட்டைத் துறக்கலாம்; தாய் ஒருத்தி மகனை இழந்ததாகக் கலங்கலாம்.

மொழியியலாராகிய நாம் சொல்லின் பொருட்பரப்பை நோக்குகிறோம். எபிரேயத்தில் ‘சானே’ என்னும் வினை பகைத்தலை மட்டுமன்றி, ஒப்பீட்டில் பின்னிறுத்துதலையும் குறிக்கும். ஆதியாகமம் 29:30, யாக்கோபு லேயாளைக் காட்டிலும் ராகேலை மிகுதியாக நேசித்ததாகக் கூறுகிறது. அடுத்த வசனம் லேயாளின் அந்நிலையை இவ்வினையாலேயே சுட்டுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘வெறு’ என்பதைத் தவிர்த்தது; லூக்காவிலோ அதனையே ஆண்டது. இதே போதனையை மத்தேயு 10:37, யாரை மிகுதியாக நேசிப்பது என்னும் ஒப்பீடாகவே தருகிறது.

இவ்விளக்கத்தால் வசனத்தின் கடுமை முற்றும் நீங்கிவிடாது. முதலிடம் யாருக்கு என்னும் வினா எஞ்சி நிற்கும். ஆயினும் அது பகைமை அன்று. ஆதலின், கற்பிப்போர் சொல்லை மறைத்தல் வேண்டா. அதன் மூல வழக்கையும் உடன் உரைத்தல் வேண்டும்.