உல்லாசக் கப்பலும் வயிற்று நோயும்

கடலின் நடுவே மிதந்து செல்லும் ஓர் ஊர் என்று இன்றைய உல்லாசக் கப்பலைக் கூறுவது பொருந்தும். மூவாயிரம் பிரயாணிகள், அவர்களுக்குப் பணி செய்ய ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள், உணவுச்சாலைகள், நாடக அரங்கு, நீச்சற் குளம், வைத்திய அறை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. ஆனால் உண்மையான ஊருக்கும் இந்த மிதக்கும் ஊருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஊரிலே ஒரு வீட்டில் நோய் வந்தால் அடுத்த வீட்டார் தம் கதவை அடைத்துக்கொள்ளலாம். கப்பலிலோ எல்லோரும் ஒரே படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி இறங்குகின்றனர். ஒரே மேசையில் வைக்கப்பட்ட அகப்பையை எடுத்துத் தமக்கு வேண்டிய உணவைப் பரிமாறிக்கொள்கின்றனர். ஒருவர் கையில் உள்ளது மாலைக்குள் நூறு பேர் கைக்குச் செல்வதற்கு அங்கே வழி திறந்தே கிடக்கின்றது.

2014ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சித் துறைமுகத்திலிருந்து கரிபியன் தீவுகளை நோக்கி ஒரு பெரிய கப்பல் புறப்பட்டது. அதிலே ஏறத்தாழ மூவாயிரம் பிரயாணிகள் இருந்தனர். சில நாட்களுள் அவர்களில் அறுநூறு பேருக்கு மேல் வாந்தியினாலும் வயிற்றோட்டத்தினாலும் படுக்கையில் வீழ்ந்தனர். கப்பல் தன் பயணத்தை இடையிலே முறித்துக்கொண்டு, குறித்த நாளுக்கு முன்னரே புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்பியது. பல மாதம் சேமித்த பணமும், நெடுநாள் எண்ணியிருந்த இன்பமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரால் வீணாயின. அந்த நுண்ணுயிரின் பெயர் நோரோ வைரசு என்பதாகும்.

இந்தப் பெயர் வந்த கதை கடலைச் சேர்ந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த நோர்வாக் என்னும் சிற்றூரில் 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஓர் ஆரம்ப பாடசாலையின் மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறையப் பாதிப் பேர் வாந்தி நோயால் வருந்தினர். பக்ரீரியாக் கிருமி எதுவும் அகப்படவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1972ஆம் ஆண்டில், அல்பேர்ட் கப்பிக்கியன் என்னும் விஞ்ஞானி, நோர்வாக்கிலிருந்து பெறப்பட்ட மாதிரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, ஏறத்தாழ 27 நானோமீற்றர் குறுக்களவுள்ள சிறு துணிக்கைகளைக் கண்டார். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் வைரசு ஒன்று மனிதரிடத்து இவ்வாறு இனங்காணப்பட்டது அதுவே முதன்முறையாகும். நோர்வாக் என்னும் ஊர்ப்பெயரின் முதற் பகுதியே பின்னர் 2002ஆம் ஆண்டில் அந்த வைரசுப் பேரினத்துக்குரிய பெயராக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்வைரசு ஏன் இத்துணை எளிதாகப் பரவுகின்றது என்பதை அறிந்தாலன்றி அதைத் தடுக்கும் வழி விளங்காது. முதலாவது, ஒருவரை நோயாளியாக்குவதற்கு மிகச் சில துணிக்கைகளே போதும். பதினெட்டுத் துணிக்கைகளே போதுமாகலாம் என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். நோயாளியின் மலத்திலோ கோடிக்கணக்கான துணிக்கைகள் வெளிப்படுகின்றன. இரண்டாவது, வைரசு உட்புகுந்து 12 மணி முதல் 48 மணி நேரத்துக்குப் பின்னரே நோய்க்குறிகள் தோன்றும். ஆகவே துறைமுகத்தில் நலத்தோடு காணப்பட்டவர், கப்பல் நடுக்கடலை அடைந்த பின்னரே நோயாளியென அறியப்படுவார். மூன்றாவது, நோய் நீங்கிய பின்னரும் இரண்டு வாரம் வரையில், சிலரிடத்து அதற்கு மேலும், வைரசு மலத்தோடு வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கும். நான்காவது, மேசை, கதவுப்பிடி, கம்பளம் போன்றவற்றின் மேல் அது பல நாட்கள் அழியாதிருக்க வல்லது.

வாந்தியினால் உண்டாகும் ஆபத்தையும் தனியே கூற வேண்டும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலே ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது, உண்டுகொண்டிருந்த ஒருவர் திடீரென வாந்தியெடுத்தார். ஊழியர் விரைந்து துடைத்தனர், விருந்தும் தொடர்ந்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் விருந்தினர் பலர் நோயுற்றனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் ஒரு தெளிவான ஒழுங்கைக் கண்டனர். அவரோடு ஒரே மேசையில் அமர்ந்திருந்தோருள் பத்துக்கு ஒன்பது பேர் நோயுற்றிருந்தனர். மேசை தூரமாகத் தூரமாக நோயுற்றோர் தொகையும் குறைந்து சென்றது. வாந்தியின் நுண்ணிய திவலைகள் காற்றிலே பரவி அயலாரின் வாயையும் உணவையும் சேர்கின்றன என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. ஆகவே கப்பலிலே யாரேனும் வாந்தியெடுக்கக் கண்டால், அவ்விடத்தை விட்டு உடனே அகன்று, ஊழியருக்கு அறிவிப்பதே முறையாகும். நின்று பார்ப்பதும், அந்தக் கம்பளத்தின் மேல் நடந்து செல்வதும் ஆகா.

உல்லாசக் கப்பல்களே இந்நோயின் பிறப்பிடம் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. ஐக்கிய அமெரிக்காவிலே அறிவிக்கப்படும் நோரோ வைரசுப் பரவல்களில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே கப்பல்களில் நிகழ்வதாகும். முதியோர் இல்லங்கள், வைத்தியசாலைகள், உணவுச்சாலைகள், பாடசாலைகள் ஆகியவற்றிலேயே பெரும்பாலானவை நிகழ்கின்றன. கப்பற் செய்தி மட்டும் உலகெங்கும் பரவுவதற்குக் காரணம், கப்பல்கள் தம் நோயாளிகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1975ஆம் ஆண்டில் கப்பற் சுகாதாரத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பதின்மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு, வேற்று நாட்டுத் துறையிலிருந்து அமெரிக்கத் துறைக்கு வரும் கப்பல்கள் இதற்கு உட்பட்டவை. பிரயாணிகளிலோ ஊழியரிலோ நூற்றுக்கு மூன்று பேர் நோயுற்றால் அது நோய்ப்பரவல் எனக் கொள்ளப்பட்டு வெளியிடப்படுகின்றது. பரிசோதகர்கள் முன்னறிவித்தலின்றி வந்து, குடிநீர், சமையலறை, நீச்சற் குளம், துப்புரவு ஆகியவற்றைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிடுவர். 85 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட புள்ளி தேறாத புள்ளியாகும். இப்புள்ளிகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதால், பயணச் சீட்டு வாங்குமுன் ஒருவர் தாம் செல்லவிருக்கும் கப்பலின் நிலையை அறிந்துகொள்ளவும் முடியும்.

2002ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. அவ்வாண்டின் முதல் பதினொரு மாதங்களில் பதினேழு கப்பல்களில் இருபத்தொரு வயிற்று நோய்ப் பரவல்கள் அத்திட்டத்துக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்பது நோரோ வைரசினால் ஆனவை எனப் பரிசோதனையில் உறுதியாயிற்று. ஒரு பயணம் முடிந்து பிரயாணிகள் இறங்கிச் சென்ற பின்னரும் நோய் கப்பலை விட்டுச் செல்லாது, அடுத்த பயணத்தில் ஏறிய புதியவரையும் பற்றிக்கொண்ட நிகழ்ச்சிகளும் அவ்வாண்டில் இருந்தன. பிரயாணிகள் மாறுகின்றனர், ஆனால் கைப்பிடிகளும், கம்பளங்களும், ஊழியரும் மாறுவதில்லை என்பது அப்பொழுது நன்கு விளங்கிற்று.

துப்புரவு கண்ணுக்குத் தெரிவது போலவே இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் பொருட்டு, 56 கப்பல்களின் பொது மலசலகூடங்களில் கதவுப்பிடி, இருக்கை முதலியவற்றின் மீது கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறி இடப்பட்டது. நன்றாகத் துடைத்தால் அக்குறி அழிந்துவிடும். மூன்று ஆண்டுகள் இவ்வாறு சோதித்ததில், நூற்றுக்கு 37 இடங்களே நாள்தோறும் துடைக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஆகவே பிரயாணி தன் பாதுகாப்பை ஊழியரின் துடைப்பத்தை மட்டும் நம்பி விட்டுவிடலாகாது. இயன்ற போதெல்லாம் தன் அறையிலுள்ள மலசலகூடத்தையே பயன்படுத்துவது நல்லது. பொது இடத்தில் கை கழுவிய பின், கடதாசித் துவாலையொன்றால் கதவைப் பிடித்துத் திறந்து வெளியேறலாம்.

கை கழுவுதல் என்பது எல்லோரும் அறிந்த அறிவுரை. ஆயினும் இங்கே அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கப்பலின் உணவுச்சாலை வாயிலிலே மதுசாரம் கலந்த கைத் திரவம் வைக்கப்பட்டிருக்கும். அதைத் தடவிக்கொண்டவுடன் கை தூய்மையாயிற்று எனப் பலர் கருதுகின்றனர். பல வைரசுகளைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. மதுசாரம் அவ்வுறையைச் சிதைத்து அவற்றை அழிக்கின்றது. நோரோ வைரசுக்கோ அத்தகைய உறை இல்லை. எனவே மதுசாரம் அதனிடத்தில் போதிய பயன் தருவதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ஆகிய இடங்களைக் குறைந்தது இருபது செக்கன் தேய்த்துக் கழுவினால், வைரசு கையிலிருந்து பெயர்ந்து நீரோடு போய்விடுகின்றது. மலசலகூடத்துக்குச் சென்ற பின்னரும், உண்பதற்கு முன்னரும், படிக்கட்டுக் கைப்பிடியையும் மின்தூக்கியின் பொத்தானையும் தொட்ட பின்னரும் இதைச் செய்தல் வேண்டும். உணவுச்சாலையில் அகப்பையைப் பிடித்துப் பரிமாறிக்கொண்ட பின், அதே கையால் பாணைப் பிய்த்து வாயிலிடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

உணவைப் பொறுத்தவரையில், பச்சையாக உண்ணப்படும் சிப்பிகளே பெரிதும் ஐயத்துக்குரியவை. அவை கடல்நீரை வடித்து உணவு பெறுபவை. அந்நீரில் கழிவு கலந்திருந்தால் வைரசு அவற்றின் உடலிலே திரண்டுவிடும். இவ்வைரசு 60 பாகை சதம அளவையுள்ள வெப்பத்தையும் தாங்கக்கூடியதாதலால், இலேசாக ஆவியில் வாட்டிய சிப்பியும் நம்பத்தக்கதன்று. நன்றாக வெந்து சூட்டோடு பரிமாறப்படும் உணவும், தானே தோல் உரித்த பழமும் பயமற்றவை.

இத்தனைக்கும் மேலான ஒரு செய்தி உண்டு. அது மனிதரின் மனத்தைப் பற்றியது. முதிய தம்பதியர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற பின் பல ஆண்டு சேமித்து ஒரு பயணச் சீட்டு வாங்கியிருக்கின்றனர். புறப்படும் நாளுக்கு முந்திய இரவில் கணவருக்கு வாந்தி. துறைமுகத்திலே, அண்மையில் வயிற்று நோய் இருந்ததா என்று வினவும் பத்திரம் கொடுக்கப்படுகின்றது. உண்மையை எழுதினால் பயணம் தடைப்படலாம், பணமும் போகலாம். இல்லை என்று எழுதிவிட்டு அவர் ஏறிவிடுகின்றார். கப்பலில் மனைவிக்கும் நோய் வருகின்றது. அறைக்குள் அடைத்து வைப்பரோ என்று அஞ்சி அவரும் சொல்லாமல் உணவுச்சாலைக்குச் செல்கின்றார். அவர்கள் தீயவரல்லர், ஆயினும் ஓரிரு நாளில் அவர்களின் மௌனம் ஐம்பது குடும்பங்களின் துன்பமாகின்றது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் சராசரி 900 பேர் இந்நோயால் இறக்கின்றனர்; அவர்களுட் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். உல்லாசக் கப்பல்களில் செல்வோருள்ளும் அவ்வயதினர் பலர் உளர் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் புறப்படுமுன் நோயுற்றவர் பயணத்தை ஒத்திவைப்பதே நேர்மை. அதற்கு இழப்பு நேராதவாறு முற்கூட்டியே பயணக் காப்புறுதி செய்துகொள்வது விவேகம். கப்பலில் நோய் தொடங்கினால், வைத்திய அறையைத் தேடி நடந்து செல்லாது, தம் அறையிலிருந்தே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். நோய்க்குறி நின்ற பின்னரும் குறைந்தது ஒரு நாள் அறையிலேயே தங்குதல் வேண்டும். உணவைக் கையாளும் ஊழியராயின் இரண்டு நாட்கள் பணியிலிருந்து விலகியிருத்தல் அவசியம். சம்பளம் குறையுமோ, வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஊழியரை வாய்மூடச் செய்யுமாயின், எத்தனை பரிசோதகர் வந்தாலும் நோய் நிற்காது. நோயைச் சொன்னவரைத் தண்டியாத கப்பலே நலமுள்ள கப்பலாகும்.

நோயாளிக்குச் செய்ய வேண்டுவது பெரிதன்று. கிருமி கொல்லும் அன்ரிபயோற்றிக் மருந்துகள் வைரசினிடத்துப் பயனற்றவை. பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று நாட்களில் தாமே குணமடைகின்றனர். உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடு செய்வதே சிகிச்சையின் சாரம். இலங்கையில் 'ஜீவனி' என்ற பெயரால் வீடுதோறும் அறியப்பட்ட கரைசலே இங்கும் கைகொடுப்பது. அது கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகலாம். சிறுநீர் குறைதல், நா வறளுதல், எழுந்து நிற்கையில் தலை சுற்றுதல் ஆகியன கண்டால், குறிப்பாக முதியோரிடத்தும் குழந்தைகளிடத்தும், வைத்தியரை அழைக்கத் தாமதித்தல் கூடாது. வாந்தி வீழ்ந்த இடத்தை வெறும் நீரால் துடைத்தல் போதாது. குளோரின் கலந்த வெளிற்றுந் திரவத்தால் துடைத்துச் சில நிமிடம் ஊறவிடல் வேண்டும்.

ஒருமுறை வந்தவருக்கு இந்நோய் மறுபடி வராது என்றும் கொள்ளலாகாது. நோரோ வைரசில் பல வகைகள் உண்டு. ஒன்றினாற் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஆகவே சவர்க்காரமும் நீரும் உண்மையுமே பிரயாணியின் கையிலுள்ள காவல்கள். இவற்றுள் முதல் இரண்டும் எந்தக் கப்பலிலும் கிடைக்கும். மூன்றாவதைப் பிரயாணி தன்னோடு கொண்டு செல்லல் வேண்டும்.