பரணில் கிடக்கும் கணினியும் பழைய கேசட்டும்

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நடுவில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)

"டிவி ட்யூனர் கார்டு பற்றிப் பேசுங்கள், அரை மணி நேரம் போதும், அதற்குப் பிறகு தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ட்யூனர் கார்டு என்றால் என்ன என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். டிவிக்குள் கேபிளைச் செருகும் இடத்தில் ஒரு சின்ன தகரப் பெட்டி இருக்கும். பல சேனல்களில் நாம் கேட்கும் ஒன்றைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அதே பெட்டியை ஒரு பலகையில் வைத்து, படத்தை எண்களாக மாற்றும் சில்லு ஒன்றையும் சேர்த்து, கணினிக்குள் செருகும்படி செய்ததுதான் ட்யூனர் கார்டு. 2000களின் நடுவில் நம் ஊரில் ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை தொங்கும். இதற்குச் சென்னையில் தனிக் காரணமும் உண்டு. 2003 செப்டம்பர் 1 முதல் இங்கே கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வேண்டும் என்று ஆனது. இலவசச் சேனல்கள் மட்டும் பெட்டி இல்லாமலே கம்பியில் வந்துகொண்டிருந்தன. கம்பியை நேராகக் கார்டில் செருகினால் போதும், கணினித் திரையில் செய்தி ஓடும், வேண்டியதைப் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. கேபிள் முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது. 2017-ல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸுக்கு மாறியது. இன்று கேபிளைப் பழைய கார்டில் செருகினால் வெறும் புள்ளிமழைதான் தெரியும். அதனால் பரணில் இருக்கும் கார்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். கார்டின் பின்புறம் பாருங்கள். கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் மஞ்சள் வளையம் போட்ட துளை ஒன்று இருக்கும். ஒலிக்குத் தனியாக ஒரு துளை இருக்கும். ட்யூனர் செத்தாலும் இந்த மஞ்சள் துளைக்கு உயிர் இருக்கிறது. இன்று நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான். அதற்கு முன் டிவி பார்ப்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இப்போது டிவிக்காகப் புதிதாகக் கார்டு வாங்குபவர்கள் டிவிபி எஸ்2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது செயற்கைக்கோள் அலையை வாங்கும் கார்டு. கட்டண டிடிஎச் சேனல்கள் பூட்டோடு வருகின்றன, அவற்றை இது திறக்காது. திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது திருட்டு வேலை, அதில் இறங்க வேண்டாம். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் அப்படியல்ல. மாதச் சந்தா கிடையாது, பல சேனல்கள் பூட்டில்லாமலே வருகின்றன. 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசையில், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். அவ்வளவு மேலே இருப்பதால் எதிர்க்கட்டடம் மறைக்கிறதே என்ற கவலை பெரும்பாலும் இல்லை.

ஆனால் ஆளுக்கொரு டிஷ் வேண்டாம். ஏற்கெனவே மொட்டை மாடியில் வடாம் காயப்போட இடமில்லை. ஒரே டிஷ்ஷில் நான்கு வாய் உள்ள எல்என்பி போட்டால் நான்கு வீட்டுக்குக் கம்பி இழுக்கலாம். ஒருவர் பார்ப்பது மற்றவரைப் பாதிக்காது. இதைச் சங்கமே செய்யலாம் என்பது என் கருத்து.

இந்தக் கார்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பழைய கார்டில் பதிவு செய்யும்போது கணினி படத்தைச் சுருக்க மூச்சு வாங்கும். இதில் வானத்திலிருந்து வருவதே சுருக்கப்பட்ட டிஜிட்டல் வடிவம். வந்ததை அப்படியே ஹார்ட் டிஸ்கில் எழுதுவதுதான் வேலை. பதினைந்து வருடப் பழைய கணினிக்கே இது சுலபம். ஒரே அலைவரிசைத் தொகுப்பில் வரும் இரண்டு மூன்று சேனல்களை ஒரே கார்டால் ஒரே நேரத்தில் பதியவும் முடியும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் முன்பு மீடியா சென்டர் என்றே ஒன்று கூட வந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கோடி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது, 2014-ல்தான் இந்தப் பெயர் வந்தது. நம் ஊரில் கோடி என்றால் வேறு அர்த்தம், அது தற்செயல். பதிவு செய்யும் வேலைக்கு டிவிஹெட்எண்ட் அல்லது நெக்ஸ்ட்பிவிஆர். கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியில் இணைத்துவிட்டால், சினிமா, புகைப்படம், பதிவு செய்த நிகழ்ச்சி எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ரிமோட்டில் நான்கு அம்புக்குறியும் ஓகேயும் போதும். வீட்டுப் பெரியவர்கள் மவுஸைத் தொடவே வேண்டாம்.

"நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில்?" என்று பின் வரிசையில் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. பழைய மேசைக் கணினி சும்மா இருந்தாலே 70 வாட் இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 1.68 யூனிட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசம் மொத்தமும் இதற்கே போய்விடும். அதனால் எப்போதும் ஓடவிடாதீர்கள். பெரும்பாலான கணினிகளில் பயாஸுக்குள் போய், குறித்த நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும்படி வைக்கலாம். பதிவு முடிந்ததும் மறுபடி தூங்கப் போய்விடும்.

அடுத்து, இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கணினியின் பின்புறத் தகட்டைத் தொடும்போது சிலருக்கு விர்ரென்று ஒரு கூச்சம் தெரிந்திருக்கும். கணினியின் பவர் சப்ளைக்குள் மின்சாரக் கம்பிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், அந்தத் தகடு 230 வோல்ட்டில் பாதியளவு ஏறி நிற்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் மாடியிலிருந்து வரும் கம்பியைக் கார்டில் செருகினால், ஒரு பொறி, கார்டு போயிற்று. இரண்டு பக்கமும் எர்த்தில் கோளாறு இருந்து பெரிய ஓட்டம் அந்தக் கம்பி வழியாக வந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று முனை ப்ளக்கை இரண்டு முனைத் துளையில் செருகும் அடாப்டரை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. எல்லாவற்றையும் அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகே கம்பியைச் செருகுங்கள். படத்தில் குறுக்காக ஒரு பட்டை மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தால் அதுவும் எர்த் பிரச்சினையின் அடையாளம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடி மழைக்கு டிஷ் கம்பியைக் கழற்றி வைப்பது நல்லது.

இனி கேசட்டுக்கு வருகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது? கை தூக்குங்கள். பாதிக்கு மேல். அதைக் கடைசியாகப் போட்டுப் பார்த்தது எப்போது? சிரிக்கிறீர்கள். அந்தக் கேசட்டில் இருக்கும் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் நடந்ததும் பேசியதும் வேறெங்கும் பதிவாகியிருக்காது. கேசட் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் பூசிய காந்தத் துகள். வருடம் ஏற ஏற அதில் இருக்கும் பதிவு மங்கும். சென்னை ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்க டெக் வேண்டுமே. உலகத்தில் கடைசியாக வீடியோ டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் பழையது, ரப்பர் உருளையும் பெல்ட்டும் இறுகிப்போனது. சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். டெக்கும் கேசட்டும் இரண்டுமே உயிரோடு இருக்கும் கடைசி வருடங்கள் இவை.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடாதீர்கள். டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் தர வேண்டும். நன்றாக இருக்கும் கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். பிறகு தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் மேலே எதுவும் பதியாது. கடைசி வரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் ஒட்டிக் கிடந்த நாடா இளகிக்கொடுக்கும். அதன் பிறகே ப்ளே.

டெக்கின் மஞ்சள் துளையிலிருந்து கார்டின் மஞ்சள் துளைக்குக் கம்பி. ஒலியைக் கார்டிலோ கணினியின் லைன் இன் துளையிலோ கொடுக்க வேண்டும். மைக் துளையில் கொடுத்தால் குரல் கரகரவென்று உடைந்து வரும். மென்பொருளில் பால் முறையைத் தேர்ந்தெடுங்கள். என்டிஎஸ்சி என்று விட்டுவிட்டால் நிறம் போய்விடும், படமும் உருளும். பழைய பிடி878, எஸ்ஏஏ7134 சில்லுக் கார்டுகளுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைப்பது கஷ்டம், லினக்ஸில் இன்றும் வேலை செய்கின்றன. அந்தக் கார்டுகள் செருகும் வெள்ளை நிறப் பிசிஐ துளை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. ஆகப் பழைய கார்டுக்குப் பழைய கணினிதான் ஜோடி. லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி கேப்சர் கருவி வாங்கிக்கொள்ளலாம்.

இடம் எவ்வளவு வேண்டும்? 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். சுருக்காமல் எழுதினால் மணிக்கு 75 ஜிபி ஆகும். எம்பெக்-2 முறையில் நொடிக்கு 6 மெகாபிட் வைத்தால் மணிக்கு 2.7 ஜிபிதான். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்கு 8 ஜிபி. அதற்குக் கீழே குறைக்காதீர்கள், இடத்தை மிச்சம் பிடித்து முகத்தை இழக்க வேண்டாம். கை வீசும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். பழைய டிவிப் படம் ஒற்றை வரியும் இரட்டை வரியுமாக மாறி மாறி வருவதால் அப்படி. பதிவை அப்படியே விட்டுவிட்டு, பார்க்கும்போது மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். நாடா ஆடும் இடங்களில் சில படங்கள் விடுபட்டு, உதட்டசைவும் குரலும் விலகலாம். நாதஸ்வரம் கேட்டு முடிந்த பிறகு மேளக்காரர் கை அசையும். அரை மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் பதிந்தால் இந்த விலகல் சேர்ந்து பெரிதாகாது.

இதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் மாறுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பதிவு ஓடும்போது வீட்டில் மூத்தவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் தாத்தா யார், சீர்த்தட்டு ஏந்தி வரும் அத்தை எந்த ஊர் அத்தை என்று அவர்களுக்குத்தான் தெரியும். நிமிடத்தைக் குறித்து, பெயரை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் படம் எடுத்து வீடியோவோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும், மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ. பென்டிரைவில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு டெக்கும், மஞ்சள் துளைக் கார்டு போட்ட கணினியும் இருக்கின்றன. சங்க அறையில் அடுத்த மாதம் முழுக்க, சனி ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை வைக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு கேசட். 80 வயது தாண்டியவர்கள் உள்ள வீடுகளுக்கு முதல் வரிசை. பெயர் கொடுக்கும் தாள் காவலர் மேசையில் இருக்கிறது. வரும்போது காலி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், கேசட்டில் இருப்பவர்களை அடையாளம் தெரிந்த ஒருவரும் கூட வர வேண்டும். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றால் சொல்லுங்கள், டெக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருகிறேன்.